ஒன்பதாவது நிமிஷம்

எபிசன் பென் டிரைவை நீட்டியபோது நான் பந்தலின் மேற்கு மூலையில் குழி தோண்டி எர்த் கம்பி இறக்கிக்கொண்டிருந்தேன். கரியும் உப்பும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் எனக்கு நிம்மதி. எர்த் சரியில்லையென்றால் ஸ்பீக்கர் பாக்ஸில் ஒரு இரைச்சல் ஏறும். மைக்கில் ஆள் பேசாத நேரத்தில் அது மட்டும் தனியாக நின்று முனகும். அந்த முனகலை இல்லாமல் ஆக்குவதுதான் என் தொழில். முப்பத்தொரு வருடமாக அருமனைக்கும் சிதறாலுக்கும் இடையில் கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் போய்ச் செய்வது இதைத்தான். ஒழுங்காகச் செய்தால் நான் அங்கே இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. ஒரு தடவை மைக் விசிலடித்துவிட்டால் போதும், இருக்கிற தலையெல்லாம் என் பக்கம் திரும்பும். நன்றியுரையில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பிறகு "ஒலி ஒளி அமைத்தவர்களுக்கும்" என்று ஒரு வரி வரும். சுயம்புராஜ் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு, அது வராது.

"இத நாளைக்குப் போடணும் மக்கா. பதினோரு நிமிஷம். நீ ஒண்ணும் செய்யாண்டாம், போட்டு விட்டா மதி" என்றான் எபிசன்.

ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவன் கொச்சிக்குப் போய் இருபது வருடம் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை செய்தான். நடிகர்களின் குரலிலிருந்து மூச்சிரைப்பையும் எச்சில் சத்தத்தையும் துடைத்து எடுக்கிற வேலை. அம்மாவுக்கு நுரையீரல் மோசமானதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். அம்மா என்றால் லீலாபாய் டீச்சர். இந்த ஊர் சர்ச் சபையில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர், முப்பது வருடம் அங்கே பாட்டுக் குழுவை, கொயரை நடத்தியவர். ஜூலையில் இறந்துபோனார். இப்போது சர்ச்சின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா வந்ததும், சபைச் செயலாளர் ஞானசிங் சார் சனிக்கிழமை சாயங்காலத்தில் எபிசனுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார். "லீலாபாய் டீச்சர் நினைவுப் பாடல்" என்று நோட்டீஸிலும் அடித்துவிட்டார். டீச்சரின் படத்துக்கு மாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் ஒரு கீர்த்தனை பாடுவான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேறு எதை நினைப்பார் பாவம்.

பந்தலில் நாங்கள் இரண்டு பேர்தான். சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். பாக்ஸில் ஒரு முனகல் கேட்டது. கையிலிருந்த பிளேயரை அப்படியே வைத்துவிட்டு எர்த் வயரைப் பார்க்கக் குனிந்தேன். எபிசன் சிரித்துவிட்டான்.

"அது ஒனக்க எர்த்து இல்லலே. அம்மைக்க மெஷினு."

அப்புறம்தான் எனக்குப் பிடிகிடைத்தது. டீச்சரின் கட்டிலுக்கு அடியில் நாற்பத்து மூன்று நாள் ஓடிய ஆக்சிஜன் மெஷின். நான் மூன்று தடவை பார்க்கப் போயிருந்தேன். மூக்கில் குழாயோடு டீச்சர் என்னைப் பார்த்து, "சுயம்பு, நீ சத்தம் கொறைக்கியவன்தானே, இந்த சவத்த ஒண்ணு கொறச்சுத் தா பிள்ளே" என்றார். ரப்பர் ஷீட்டை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் வைத்துக்கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. குறைந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார்.

முனகலுக்கு அடியில் மூச்சு இருந்தது. தூரத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம், ஒரு நாய், யாரோ கதவு சாத்துவது. நிமிஷம் போகப் போக முனகல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மற்ற எல்லாவற்றையும் மூடியது. இதை நிறுத்தித் தொலை என்று எனக்கே வாய்வரை வந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் படக்கென்று நின்றது. பிறகு இரண்டு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பந்தல் துணி காற்றில் அடித்துக்கொள்வது கேட்டது. என் மூச்சு எனக்குக் கேட்டது. கையில் ரோமம் எழும்பி நின்றதை மறைக்கச் சட்டைக்கையை இறக்கிவிட்டேன்.

"மூச்சு நின்னாச்சு, மெஷின நிறுத்துங்கன்னு நர்சு சொன்னா" என்றான் எபிசன். "நிறுத்துனேன். எனக்கு மொதல்ல அழுக வரல்ல சுயம்பு. அப்பாடான்னு இருந்துது. காதுக்கு அவ்வளவு சொகம். பெறகுதான் அம்மைய திரும்பிப் பாத்தேன். இத ஒருத்தர்ட்டயும் வாய் தொறந்து சொல்ல ஒக்காது. கேக்க வைக்க ஒக்கும்."

"டீச்சரு பாடுனது ஏதாவது கையில இருக்கும்லா. அத மொதல்ல கொஞ்சம் போட்டா ஆளுவ அழுவாவ, பெறகு இருந்து கேப்பாவ."

"அழுவாவ. அழுதுட்டு சாயா குடிக்கப் போவாவ."

கொச்சியில் ஒரு கண்காட்சியில் இதைப் போட்டார்களாம். இருட்டறையில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து அற்புதம் என்றார்களாம். "அடுத்த அறையில ஒருத்தன் ஒடஞ்ச ஃபேன ஓட விட்டிருந்தான். அதுக்கும் அற்புதம்னுதான் சொன்னாவ" என்றான். "எனக்கு அம்மைய தெரிஞ்ச ஆளுவ கேக்கணும். பிடிக்கல்லேன்னு சொன்னாலும் செரி. எடையில யாரு என்ன சொன்னாலும் நீ கை வைக்கப்பிடாது. கேட்டியா?"

"வைக்கமாட்டேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பந்தலில் தொள்ளாயிரம் நாற்காலியும் நிறைந்திருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நடனம் முடிந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் நாடகத்தில் ஊதாரி மகனின் ஒட்டுத்தாடி கழன்று விழுந்து எல்லோரும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். ஞானசிங் சார் எபிசனின் பெயரைச் சொன்னார். மேடையில் டீச்சரின் படம் மட்டும் இருந்தது. எபிசன் மேடை ஏறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் போட்டேன்.

முதல் நிமிஷம் எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டாவது நிமிஷத்தில் தலைகள் பாக்ஸ் பக்கம் திரும்பின. ஒரு பெரியவர் காதில் வைத்திருந்த கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். போதகர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிள்ளைகள் காதைப் பொத்திப் பொத்தித் திறந்து விளையாடின. மூன்றாவது நிமிஷத்தில் பின்னாலிருந்து, "மைக் செட்ட பாருங்கப்போ" என்று ஒரு குரல் வந்தது. இன்னொருத்தன் விசிலடித்தான். பெண்கள் பக்கம் ஒரு அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று இந்தக் கோளாறு நீங்க ஜெபிக்கவே தொடங்கிவிட்டார். அத்தனை பேரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மைக் கட்டினவன் நான். இவனுக்கு எர்த் அடிக்கக்கூடத் தெரியவில்லையே என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது.

ஞானசிங் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன சுயம்பு இது? எர்த்து அடிச்சியா இல்லியா? மானத்த வாங்காத. நிறுத்து மொதல்ல."

சாரே, இதுதான் அவனுக்க பாட்டு. நாலே சொல். சொல்லியிருந்தால் அவர் திகைத்திருப்பார், மேடைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசியிருப்பார், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், மீதிப் பேராவது ஒன்பதாவது நிமிஷம் வரை இருந்திருப்பார்கள். நாலு சொல்லும் என் நாக்கு நுனியில்தான் நின்றது. நான் எபிசனைப் பார்க்காமல் மிக்சரில் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரைக் கீழே இறக்கினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மேசைக்கு அடியில் குனிந்து சும்மா கிடந்த ஒரு வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். கோளாறைக் கண்டுபிடித்தவன் போல நிமிர்ந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

பந்தல் முழுக்க ஒரு நொடி அமைதி. அப்புறம் தொள்ளாயிரம் வாயிலிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது. அப்பாடா என்று. எபிசன் ஒன்பதாவது நிமிஷத்தில் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். நாலாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது, எதற்கு என்று தெரியாமலே. டீச்சரின் படம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது முன்னால் பரவி, பிள்ளைகள் எழுந்து நின்று தட்ட, முன்வரிசையில் போதகரும் சிரித்துக்கொண்டே தட்டினார். விழா நடந்த அந்த இரண்டு நாளில் அவ்வளவு கைதட்டல் வேறு எதற்கும் விழவில்லை. எனக்கு இனித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. நான் கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

"ஒலிபெருக்கியில் ஏற்பட்ட சிறு கோளாறை உடனே சரிசெய்த சகோதரர் சுயம்புராஜ் அவர்களுக்கு நன்றி" என்று ஞானசிங் சார் மைக்கில் சொன்னார். "நேரமின்மையால் சகோதரர் எபிசனின் பாடலை இன்னொரு சந்தர்ப்பத்தில் கேட்போம்." என் பெயர் என் பாக்ஸிலேயே கேட்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்தபோது ஆளாளுக்கு எபிசனைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்ல மனதோடுதான். "போட்டும் மக்கா, செட்டு சதிச்சுப் போட்டுது." "கிறிஸ்மஸுக்குப் பாடுலாம் பிள்ளே." "டீச்சருக்க மகனுக்கு இப்பிடி ஆயிப்போச்சே." அவன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். பாட்டு தொடங்கவே இல்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சகிக்கவில்லை, இதெல்லாம் ஒரு பாட்டா என்று ஒருவராவது காறித் துப்பியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டேன்.

கடைசியாக என்னிடம் வந்தான். பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எத்தன நிமிஷம் ஓடிச்சு?"

"நாலு."

"நாலே கால்" என்றான். "சார்ட்ட நீ சொன்னியா?"

"சொன்னேன் மக்கா. அவரு கேக்கல்ல."

இருபது வருடம் மற்றவர்களின் குரலில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்தவன் அவன். என் குரலில் இருந்தது அவனுக்குக் கேட்காமலா இருக்கும். "கேக்கல்லியா" என்று மட்டும் சொன்னான். வழக்கமாக அவன் வந்திருந்தால் என்னோடு நின்று வயர் சுற்றித் தருவான். அன்றைக்கும் ஒரு வயரை எடுத்துச் சுற்றினான். ஒழுங்காகச் சுற்றி, நுனியை முடிந்து, என் கையில் தந்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நிறைவுக் கூட்டம் பந்தலில் நடந்தது. கொடையாளர்களுக்கும், கட்டடக் கமிட்டிக்கும், பழைய போதகர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மேசையில் ஒன்று மிஞ்சியிருந்தது. ஞானசிங் சார் மைக் முன்னால் வந்து, "நேற்றுத் தக்க சமயத்தில் நம் விழாவைக் காப்பாற்றிய சகோதரர் சுயம்புராஜை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று கையாட்டினேன். ஜனங்கள் விடவில்லை. மிக்சரை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். "நேற்றுப் பாட முடியாமல்போன நம் எபிசன் இந்தப் பொன்னாடையைப் போர்த்துவார்" என்றார் சார். அவனுக்கும் ஒரு மரியாதை செய்ததாக இருக்கட்டும் என்று அவருக்கே தோன்றிய ஏற்பாடு. இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துக்கூடச் செய்திருக்க முடியாது.

எபிசன் வெள்ளைச் சட்டையில் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பொன்னாடையை விரித்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினான். என் இரண்டு கையும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. கைதட்டல் எழுந்தது. போர்த்திய பிறகு கட்டியணைப்பது வழக்கம் என்பதால் அவனும் அணைத்தான். வாய் மூடியிருந்தது. தொண்டைக்குள்ளிருந்து அந்த முனகலைத் தொடங்கினான்.

அதே சுதி. நாற்பத்து மூன்று நாள் கேட்டவனுக்கு எப்படித் தப்பும். முதலில் என் காதுக்கு மட்டும்தான் கேட்டது. கைதட்டல் ஓய்ந்ததும், ஒரு சாண் தூரத்தில் நின்ற மைக் அதை எடுத்துக்கொண்டது. நான் போட்ட எர்த், நான் கட்டிய பாக்ஸ். ஒரு பிசிறில்லாமல் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

தலைகள் பாக்ஸ் பக்கம் திரும்பின. அங்கிருந்து ஆளில்லாத மிக்சர் மேசைக்குப் போயின. பிறகு என்னிடம் வந்தன. கோபமில்லாமல், நம்பிக்கையோடு பார்த்தார்கள். ஞானசிங் சார் என் முழங்கையைத் தொட்டார். "சுயம்பு, பின்னயும் அந்த சத்தம் வருவு. ஓடிப்போய் அத ஒண்ணு பாரு."

மேடையிலிருந்து மிக்சருக்கு இருபது அடி இருக்கும். எபிசன் பொன்னாடையின் இரண்டு நுனியையும் என் நெஞ்சுக்கு நேரே கூட்டிப் பிடித்திருந்தான். இறுக்கமாகக்கூட இல்லை. உதறினால் விட்டுவிடுவான். மைக் என் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. சார் இரண்டாவது தடவையும் என் முழங்கையைத் தொட்டார்.

எபிசன் மூச்செடுக்க ஒரு நொடி நிறுத்தினான். பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அவன் மறுபடியும் தொடங்கினான்.