நிறுத்தாத கை

மில்லு மூடி பதினாறு வருஷம் ஆச்சு. மெஷினையெல்லாம் அறுத்துப் பழைய இரும்புக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. நான் வேலை செஞ்ச நூல் முறுக்கு செக்‌ஷன்ல இப்ப மிச்சம் இருக்கறது தரையில போல்ட் போட்ட ஓட்டைங்க, மேல புறாங்க, கூரைக் கண்ணாடி வழியா சாஞ்சு விழற வெயில், அவ்வளவுதான். அந்த வெயில்ல இன்னமும் பஞ்சுத் தூசி மிதக்குது. இத்தனை வருஷத்துல அதுக்குக் கீழ இறங்கணும்னு தோணவே இல்ல போல.

அங்க ஒரு நாள் காலையில ஒரு பொண்ணு வெறுங்காலோட ஆடிட்டு இருந்தா. பாட்டு இல்ல, தாளம் இல்ல. ஒரு ஆளு கேமராவைத் தூக்கிக்கிட்டு சத்தமே இல்லாம அவ பின்னாடி நடக்கறாரு. அவ ஓட்டை மேல மிதிக்காம வரிசைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறா. ஜன்னல்ல நின்னு பாத்த எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. ‘பாவம், பாக்க நல்ல பிள்ளையா இருக்கு, யாரு என்ன பண்ணினாங்களோ’ன்னு நினைச்சேன். அப்புறம் கவனிச்சேன், அவ போற வழி நாங்க எட்டு மணி நேரம் நடந்த வழி. மெஷின் இல்லாமலே அவ மெஷினுக்கு வழி விட்டுப் போறா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

விஷயம் இதுதான். இந்த ஊரோட ஞாபகத்தையெல்லாம் ஆட்டமும் வீடியோவுமா சேத்து இதே ஷெட்ல காட்டப் போறாங்களாம். அதுக்கு எங்களை மாதிரிப் பழைய ஆளுங்க வேணுமாம்.

"வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. உங்க இடத்துல போய் நில்லுங்க. ஒரு நிமிஷம் உங்க வேலையைச் செய்யுங்க. காத்துலயே" ன்னா டான்ஸ்காரி.

"காத்துல நூல் முடிச்சு போடவா? ஏம்மா, எனக்கு வேற வேலை இல்லையா?" ன்னு கேட்டேன். வேற வேலை இல்லதான். போனேன்.

பதினோரு பேர் போனோம். என் தங்கச்சி மட்டும் வரல. "எனக்கு என்ன இருக்கு காட்டறதுக்கு" ன்னு சொல்லிட்டா. அவளுக்கு வலது கையில மூணு விரல்தான்.

தங்கச்சியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஊர்ல அவளுக்கு ‘அவசரம்’னு பேரு. கடைக்காரர்ல இருந்து தெருவுல சைக்கிள் ஓட்டற பிள்ளைங்க வரைக்கும் அவசரம்தான். ஒரு டம்ளர் டீயை முக்கால் மணி நேரம் குடிக்கறவ அவ. துணி மடிச்சான்னா மூலைக்கு மூலை சரியா இருக்கான்னு மூணு தடவை பாப்பா. அவளுக்குப் போய் அந்தப் பேரு. அதை வெச்சது யாருன்னு கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. நான்தான்.

முறுக்கு மெஷின்னா ரெண்டு இழையைச் சேத்து ஒண்ணா முறுக்கறது. இழை அறுந்தா இடது கையால கைப்பிடியைக் கீழ இழுக்கணும். மெஷின் நிக்கணும். அப்புறம்தான் முடிச்சு போட்டு இழையை உருளைக்குள்ள விடணும். சுவத்துல சிவப்பு எழுத்துல எழுதியே வெச்சிருந்தாங்க. ஆனா நான் நிறுத்த மாட்டேன். ஓட ஓடவே இழையைப் பிடிச்சு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சைப் போட்டு உள்ள தள்ளி விட்டுடுவேன். நிறுத்தினேனா இல்லையான்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. அந்த ஷெட்டுலயே என் கைதான் வேகம். அந்தத் திமிரு எனக்கு நிறையவே இருந்துச்சு. தங்கச்சி வேலைக்கு வந்தப்போ அவளைப் பழக்கற பொறுப்பை எனக்குக் கொடுத்தாங்க. அவ பயந்தா. "நிறுத்திட்டுப் போடறேனே அக்கா" ன்னா. "நீ நிறுத்தி நிறுத்திப் போட்டா பொழுது விடிஞ்சிடும். நான் போடற மாதிரி போடு" ன்னு திட்டினேன். பதினேழாவது நாள் உருளை அவ விரலை இழுத்துக்கிச்சு.

ஆபீஸ்ல விசாரிச்சாங்க. மேஸ்திரி நின்னாரு, மேனேஜர் உக்காந்திருந்தாரு. நிறுத்தாம போடச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. கையில ரெண்டு சின்னக் குழந்தைங்க. வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு குலை நடுங்கிப் போச்சு எனக்கு. "நான் நிறுத்திட்டுதான் போடணும்னு சொல்லிக் கொடுத்தேன் சார். அவதான் அவசரப்பட்டுட்டா" ன்னேன்.

மறுநாளே ஷெட் முழுக்க அந்தப் பேரு பரவிடுச்சு. தங்கச்சி கட்டோட திரும்பி வந்தா, பஞ்சு கூட்டற வேலைக்கு மாத்தினாங்க, அதையே செஞ்சா. ஒரு வார்த்தை என்னை எதிர்த்துச் சொல்லல. எங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவருதான். இருபத்திரண்டு வருஷமா தினமும் சாயங்காலம் டீ குடிக்க வர்றா. எல்லாத்தையும் பேசுவோம், அதைத் தவிர.

சரி, வீடியோவுக்கு வர்றேன்.

என் இடம் ஆறாவது வரிசை, மூணாவது தூண் பக்கம். போய் நின்னேன். கேமராக்காரர் தலையை ஆட்டினாரு. வெக்கமா இருந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டேன். முதல்ல ஒண்ணுமே இல்ல, புறா சத்தம்தான். அப்புறம் உள்ளங்கால்ல லேசா அதிர ஆரம்பிச்சுது. தரைதான் அதிருதா, நான் அதிர்றேனான்னு தெரியல. எண்ணெய் வாசனை வந்துச்சு. எதிர் வரிசையில யாரோ உதட்டை அசைச்சு எங்கிட்ட ஏதோ கிண்டல் பண்ற மாதிரி இருந்துச்சு. செத்துப் போனவங்கதான், ஆனா அப்ப அது பெருசாத் தெரியல. இழை அறுந்துச்சு. என் கை போச்சு. இன்னொண்ணு அறுந்துச்சு. போச்சு. நான் செய்யல, கையே செஞ்சுது. வெதுவெதுன்னு பஞ்சுத் தூசி முகத்துல வந்து ஒட்டற மாதிரி இருந்துச்சு. அப்படியே நின்னுட்டே இருக்கலாம்போலத் தோணுச்சு.

"போதும்க்கா" ன்னு அந்தப் பொண்ணு என் தோளைத் தொட்டா. கண்ணைத் திறந்தா ஷெட்டு காலியா இருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பத்து நாள் கழிச்சு ஒத்திகைக்குக் கூப்பிட்டாங்க. ஜன்னலுக்கும் கூரைக் கண்ணாடிக்கும் கறுப்புத் துணி கட்டியிருந்தாங்க. சுவர் முழுக்க கைங்க. ஒவ்வொரு விரலும் ஆள் உயரம். மெதுவா ஓட விட்டிருந்ததால தண்ணிக்குள்ள அசையற மாதிரி அசைஞ்சுது. நகத்துல இருந்த வெடிப்புகூடத் தெரிஞ்சுது. அந்தக் கைங்களுக்கு முன்னாடி டான்ஸ்காரி ஆடினா. கை இறங்கினா அவ முழு உடம்பும் இறங்கும். கை முடிச்சு போட்டா அவ இடுப்புல இருந்து ஒரு சுழி சுழிப்பா. பாக்கப் பாக்க அப்படியே சொக்கிப் போயிட்டேன்.

"கடைசியில நீங்கதான்க்கா. ஒரு விஷயம் கவனிச்சேன்" ன்னு சொன்னப்போ அவ கண்ணு மின்னுச்சு. "எல்லாருக்கும் இடது கை முதல்ல கீழ போகுது, அப்புறம்தான் முடிச்சு. பத்து பேரும் அப்படித்தான். உங்க கை மட்டும் கீழ போகவே இல்ல. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? மெதுவா ஓட்டிப் பாத்தப்போதான் கண்டுபிடிச்சேன்."

சுவத்துல என் இடது கை மேலயே நிக்குது. கைப்பிடி பக்கம் போகவே இல்ல. அந்தப் பொண்ணுக்கு அது வெறும் அழகு. ஆனா மில்லுல வேலை செஞ்ச ஒருத்தர் பாத்தாப் போதும், குட்டு வெளிய வந்துடும்.

"இது தப்பா வந்திருக்கும்மா. திரும்ப எடு" ன்னேன்.

எடுத்தாங்க. நானும் இடது கையை இறக்கித்தான் பாத்தேன். ஆறு தடவை. கை கேக்கல. ஒரு தடவை முடிச்சு போட்டு முடிச்ச பிறகு ஞாபகம் வந்து இறக்கினேன். இன்னொரு தடவை ரெண்டு கையையும் சேத்து இறக்கிட்டேன். கேமராக்காரர் உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிட்டாரு. "அக்கா, இது நடிப்பு மாதிரி இருக்கு" ன்னா அவ.

"அப்ப என்னை எடுத்துடு. எனக்கு வேண்டாம்."

அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப் போச்சு. ஏன்னு கேட்டுட்டே இருந்தா. கேமராக்காரர்தான் சமாதானம் பண்ணினாரு. "அக்கா கை, அக்கா இஷ்டம். வீடியோவை எடுத்துடறேன்" ன்னாரு. அவ சுவரைத் திரும்பிப் பாத்தா. "சரி. அந்த இடத்துல சுவரு வெள்ளையா இருக்கட்டும். நான் மட்டும் ஆடறேன்" ன்னா. அப்பாடான்னு இருந்துச்சு. ஆட்டம்தானே, யாருக்கு என்ன புரியப் போகுதுன்னு நினைச்சேன். அவ என் கையை எவ்வளவு தூரம் கத்துக்கிட்டான்னு எனக்கு அப்பத் தெரியாது.

அன்னிக்கு சாயங்காலம் தங்கச்சி டீ குடிச்சிட்டே, "முழுச் சுவருக்கும் உன் கை வருதாமே?" ன்னு கேட்டா.

"எடுக்கச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"கை நல்லா இல்ல. சுருக்கம் விழுந்து அசிங்கமா இருக்கு."

அவ என் கையைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு" ன்னு மட்டும் சொன்னா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஷெட்டுல நூறு நூத்தம்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலி பத்தாம பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்க. மேஸ்திரியை மகன் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து முதல் வரிசையில உக்கார வெச்சான். அவருக்கு இப்பக் காது மந்தம், அதனால மெதுவாப் பேசறதா நினைச்சு ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவாரு. நானும் தங்கச்சியும் ரெண்டாவது வரிசை. அவ எப்பவும் போல வலது கையை இடது கைக்கு அடியில வெச்சிருந்தா.

லைட்டை அணைச்சதும் இருட்டாச்சு. கைங்க வந்துச்சு. ஒவ்வொரு கையா வர வர, "இது பெரியவர் கை", "இது குட்டையன் பொண்டாட்டி கைல்ல" ன்னு கண்டுபிடிச்சு கைதட்டினாங்க. மூஞ்சியைக் காட்டவே இல்ல, ஆனா ஒருத்தரையும் தப்பாச் சொல்லல. பக்கத்துல ஒரு அம்மா சத்தமில்லாம அழுதாங்க. அந்தக் கைங்களோட வெளிச்சம் எங்க எல்லார் மூஞ்சியிலயும் ஊர்ந்து போச்சு. நான் எங்க இருக்கேன்னே மறந்துட்டேன்.

அப்புறம் சுவரு வெள்ளையாச்சு. டான்ஸ்காரி தனியா வந்து என் பழைய மெஷின் இருந்த இடத்துல நின்னா. ஆறாவது வரிசை, மூணாவது தூண் பக்கம். கையைத் தூக்கினா.

அது என் கை. கட்டை விரல் வளையறது, சுண்டு விரலைத் தூக்கி வெச்சுக்கறது, முடிச்சு போட்டதும் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டறது, எல்லாம். இடது கை கீழ போகவே இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முடிச்சு விழுந்துட்டே இருக்கு.

மேஸ்திரி கைத்தடியால தரையைத் தட்டினாரு. "அடடே! மெஷினை நிறுத்தாமலே போடறா பாரு! இது நம்ம அவசரம் போட்ட முடிச்சுல்ல!"

ஷெட்டே சிரிச்சுது. கெட்ட மனசோட யாரும் சிரிக்கல, பழைய ஆளுங்க பழைய ஜோக்குக்குச் சிரிக்கற மாதிரிதான் சிரிச்சாங்க. பின்னாடி இருந்து யாரோ, "அவசரம்! உன்னையும் ஆட்டத்துல சேத்துட்டாங்க!" ன்னு கூவினாங்க.

நான் தங்கச்சியைத் திரும்பிப் பாத்தேன். அவளும் சிரிச்சிட்டு இருந்தா. இருபத்திரண்டு வருஷமா எப்படிச் சிரிச்சாளோ அப்படியே. அந்தச் சிரிப்பை நான் தினமும் பாத்திருக்கேன், இவளுக்கு ஒண்ணும் மனசுல இல்லன்னு என்னையே ஏமாத்திக்கிட்டிருக்கேன். வெள்ளைச் சுவரோட வெளிச்சத்துல பாத்தா, உதடு மட்டும்தான் சிரிக்குது. மடியில அவளோட இடது கை அந்த மூணு விரலை நெரிச்சுப் பிடிச்சிட்டு இருக்கு.

நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கலாம். இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சிருக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம், சாயங்காலம் அவ டீ குடிக்க வந்திருப்பா.

எழுந்து நின்னேன்.

"மேஸ்திரி! அது அவ கை இல்ல. என் கை."

சிரிப்பு நின்னுச்சு. டான்ஸ்காரி தூக்கின கையோட அப்படியே நின்னுட்டா.

"நிறுத்தாம போடறது நான்தான். அவ நிறுத்திட்டுப் போடறேன்னுதான் சொன்னா. நான்தான் திட்டித் திட்டி அப்படிப் பழக்கினேன். ஆபீஸ்ல உங்க முன்னாடி நின்னு பொய் சொன்னேன். அவ அவசரப்படவே இல்ல."

கடைசி வார்த்தை எனக்கே சரியாக் கேக்கல. மேல புறா ஒண்ணு இடம் மாறி உக்காந்துச்சு. தங்கச்சி என் கையைப் பிடிப்பா, "விடுக்கா, அதெல்லாம் எதுக்கு இப்போ" ன்னு சொல்லுவான்னு நினைச்சேன். அப்படித்தான் அவ சொல்லுவா, அவ சுபாவம் அதுதான்னு நான் நம்பிட்டு இருந்தேன்.

அவ என்னை நிமிந்து பாத்தா. சிரிக்கல.

"இன்னொரு தடவை சொல்லுக்கா" ன்னா. "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

நான் பின்னாடி திரும்பி நின்னு, இன்னொரு தடவை சொன்னேன்.