தெப்பத்தில் மூன்றாம் பாகம்

தெல்மா அந்தத் தடித்த நாவலை என் சமையல் மேசையில் குப்புறப் போட்டு, மீன் வெட்டும் கத்தியை அதன் முதுகில் வைத்ததும் மனாய் ஃபெலிசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"படிச்சாலே பாவம்னு சொல்றாங்க. நீ என்னடான்னா வெட்டவே வெட்டுற."

"வெட்டலேன்னா கிறிஸ்துமஸுக்குக்கூட உன் கைக்கு வராது மனாய். பூரிங் ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள ஒரு பானைச் சோறு வெந்துடும்."

பூரிங் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் வாயில் பிலிக்கொட்டை மிட்டாய் இருந்தது. தெல்மா மருந்துக்கடைக்காரி, மாத்திரை அட்டையைக் கத்தரித்துப் பழகிய கை. மூன்றே இழுப்பில் நாவலைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் துணிக்கடைக் காகிதத்தில் சுற்றினாள். முதல் பாகம் பூரிங்குக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது மனாய்க்கு. கடைசிப் பாகத்தைத் தானே வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே முழுசும் படித்தவள் அவள்தான். முடிவை நாங்கள் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடுவோம் என்று அதைக் கடையில் தூக்கமாத்திரை வைக்கும் அலமாரியில் பூட்டிவிட்டாள்.

அந்த வருஷம் மணிலாவில் எல்லார் கையிலும் அந்தப் புத்தகம்தானாம். ஜீப்னியில் போகிறபோதே படிக்கிறார்களாம், முடிவெட்டும் கடையில் படிக்கிறார்களாம். எங்கள் பினாலான் ஊருக்கு வந்தது இந்த ஒற்றைப் பிரதிதான். ஆனால் ஆற்றங்கரையில் மீன் விற்கிறவள் வரைக்கும் அதைப் பற்றித் தெரிந்திருந்தது என்றால் காரணம் எங்கள் பங்குச் சாமியார் பாத்ரே அன்செல்மோ. ஞாயிறு தவறாமல் பிரசங்க மேடையில் நின்று அதை விஷம் என்றார், இயேசுவுக்கும் இனாவுக்கும் அவமானம் என்றார். வேறு விளம்பரமே வேண்டியிருக்கவில்லை.

இனா எங்கள் ஊர் மாதா. இனா என்றால் அம்மா. எங்கள் ஊரில் பெற்ற தாயை அழைப்பதும் அதே சொல்தான். கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மாதம் ஒருமுறை அவளுக்கு உடை மாற்றுவது பெண்கள் வேலை. அந்த நேரத்தில் ஆண்கள் யாரும், பாத்ரே உட்பட, உள்ளே வரக் கூடாது. அறையின் சாவி மனாய் ஃபெலிசாவின் கழுத்தில் தொங்கும். அவளுக்கு முன் அவள் அம்மா, அதற்கு முன் பெரிய அத்தை. மனாய் என்றால் அக்கா, ஆனால் எங்கள் மனாய்க்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "எனக்கு வீட்டுல ஆள் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள். நாங்கள் மூவரும் அவளுக்கு எடுபிடிகள். தெல்மா கொண்டை போடுவாள், பூரிங் நகைகளைத் துடைப்பாள், நான் இஸ்திரி.

நாவலைப் பற்றிப் பேச எங்களுக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. கதவைத் தாழிட்டுவிட்டால் ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. இன்றைக்கும் இஸ்திரிப்பெட்டி சூடேறும் வாசனை வந்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. பனை ஓலையில் சுற்றிய ஒட்டரிசிப் பண்டம், தெர்மாஸில் காப்பி, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். அப்படி நான் சிரித்த காலம் அதற்குப் பிறகு வரவில்லை. தெல்மா கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பூரிங் கல்லறைத் தோட்டத்தில், கணவன் பக்கத்தில்.

"என் பாகத்துல ஒரு கன்னியாஸ்திரி மணிக்கூண்டுலேருந்து விழுந்து செத்துட்டா. யார் தள்ளினதுன்னு தெரியல. செலி, உன்னோடதுல தெரியுதா?" என்று பூரிங் கேட்பாள்.

"என்னோடதுல எல்லாரும் ரயில்ல ஓடிக்கிட்டே இருக்காங்க. எதுக்கு ஓடறாங்கன்னு நீதான் சொல்லணும்."

"கொலையா? எந்தக் கொலை?" மனாய் நிமிர்ந்து பார்ப்பாள். "என்னோடதுல ஒரு கெழவி மடத்துல உக்காந்து பேசிக்கிட்டிருக்கா. அவ்வளவுதான்."

அதுதான் நாவலைக் கூறு போட்டதால் வந்த வினை. மூன்றாம் பாகத்தில் துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு முதிய துறவி, ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடிய காலத்தைப் பற்றி நூறு பக்கம் பேசுகிறாள். அங்கே அப்பம் பிட்டவர்கள் பெண்கள் என்கிறாள். தூய ஆவியை அம்மா என்று கூப்பிட்டார்கள் என்கிறாள். ஒரு பெண் கைப்பட எழுதிய நற்செய்தி இருந்ததாம், பின்னால் வந்த ஆண்கள் அதை ஒரு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்களாம். முன்னும் பின்னும் தெரியாத மனாய் அதைச் சரித்திரப் புத்தகம் என்றே நம்பிவிட்டாள். பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்தாள்.

"மனாய், இது கதை. ஒருத்தன் காசுக்காக உக்காந்து கட்டிவிட்டது" என்றாள் தெல்மா.

"கதைன்னா பாத்ரே எதுக்குத் தொண்டை கிழியக் கத்துறாரு?"



இனாவைப் பற்றி எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. முகமும் இரண்டு கைகளும்தான் செதுக்கியவை. கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டம். கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை மாதிரி உள்ளே வெற்றிடம். பழைய அங்கியைக் கழற்றியதும் அந்தச் சட்டம் தெரியும். முதல்முறை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். நாவல் பேச்சு நடந்த ஒரு நாள் தெல்மா அந்தச் சட்டத்தைத் தட்டிக் காட்டி, "புஸ்தகத்துல சொல்றது இதைத்தான் மனாய். முகத்தையும் கையையும் வச்சுக்கிட்டாங்க. உடம்ப எடுத்துட்டாங்க" என்றாள்.

மனாய் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அதுக்குத்தான்டி நாம இருக்கோம். நாம உடுத்திவிடுற துணிதான் அவளுக்கு உடம்பு."

"அப்ப திருவிழா அன்னிக்கு மட்டும் நாம ஏன் அவ தெப்பத்துல ஏறக் கூடாது? பொம்பளை கால் பட்டா முங்கிடுமாம். தெப்பத்துல நிக்கிறவளே பொம்பளைதானே?"

"என் புருஷன் அந்தத் தெப்பத்தத் தள்ளுறவன். முங்குற பேச்சு பேசாத" என்று பூரிங் தெல்மாவின் வாயைப் பொத்தப் போனாள்.

"வருஷம் பூரா அவ நம்மகிட்ட இருக்கா" என்றாள் மனாய். "ஒரு நாள் அவங்ககிட்ட இருந்துட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, குத்திய குண்டூசியைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடியும் குத்தினாள்.

திருவிழா செப்டம்பரில். அன்று மதியம் இனாவுக்கு நீல அங்கி உடுத்திவிட்டுக்கொண்டிருந்தோம். பாகம் மாற்றிக்கொள்கிற நாளும் அதுதான். மனாய் மூன்றாம் பாகத்தை எனக்குத் தருவதற்காகக் கொண்டுவந்திருந்தாள். கதவு தட்டப்பட்டது. அது பாத்ரேயின் தட்டல். மேசையில் கோடு போட்ட பக்கங்கள் விரிந்து கிடந்தன. மனாய் ஒரே வீச்சில் அவற்றை அள்ளி இனாவின் சட்டத்துக்குள் செருகி, அங்கியை இழுத்துவிட்டு, முதுகுப் பக்கம் குண்டூசி குத்த ஆரம்பித்தாள். அங்கி சட்டத்தை மூடிவிட்டதால் பூரிங் கதவைத் திறந்தாள்.

பாத்ரே அன்செல்மோ கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்தபோது கோவிலைத் திறந்துவிட்டு, தானே கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். வாசலிலேயே நின்றார், முகம் வாடியிருந்தது.

"ஊருக்குள்ள ஒரு பேச்சு அடிபடுது. நம்பப் பிடிக்கல. அதனாலதான் நேர்ல கேக்குறேன். அந்தப் புத்தகத்த உங்கள்ல யாராவது படிக்கிறீங்களா?"

தெல்மா வாயைத் திறக்கப்போனாள். நான் அவள் காலை மிதித்தேன். பாத்ரே மனாயைத்தான் பார்த்தார். மனாயின் உதடுகளுக்கிடையில் வரிசையாகக் குண்டூசிகள். அவற்றைக் காட்டி, பேச முடியாது என்று கையால் சைகை செய்தாள்.

"சரி, திருவிழா முடியட்டும்" என்றார் அவர். "நாளைக்குக் கேக்குறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மனாய், எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தப் பிடிக்கிற கை இனாவோட துணியப் பிடிக்க முடியாது. படிச்சேன்னு சொன்னா, சாவிய நான் வாங்கிக்க வேண்டியிருக்கும். எனக்கு மேல ஆயர் இருக்காரு."

அவர் பின்னாலேயே தூக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். வெறுங்கால், தலையில் துண்டு, வியர்வை நாற்றம். நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் இனாவைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். 'வீவா! வாழ்க!' என்ற கூச்சலில் அறையே அதிர்ந்தது. மனாய் குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டு, "ஐயோ, உள்ள இருக்குடி" என்றாள். அந்தக் குரலில் அவளை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தெரு முழுக்க இனாவின் பின்னாலேயே ஓடினோம். தெல்மாவுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மனாய், யோசிச்சுப் பாரு, பொம்பளைய ஏத்தாத தெப்பத்துல அந்தக் கெழவியோட நூறு பக்கம் ஏறிப் போவுது" என்றாள். மனாய் அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

படித்துறையில் பெண்கள் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து இனா ஆண்கள் தலைகளுக்கு மேல் ஆடி ஆடித் தெப்பத்துக்குப் போனாள். ஒரு குலுக்கலில் முதுகுப் பக்கம் அவசரமாகக் குத்திய குண்டூசிகள் தெறித்துவிட்டன. நீலத் துணி இரண்டு பக்கமும் விலகியது. இடையில் மரச்சட்டம், அதற்குள் காகிதத்தின் வெள்ளை விளிம்பு. தெப்பத்தில் எல்லாரும் இன்னும் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் வளைவில் திரும்பியதும் இரண்டு கரையும் அவள் முதுகைத்தான் பார்க்கும்.

"விட்டுடு மனாய், யாரு வச்சதுன்னு யாருக்குத் தெரியும்" என்றாள் பூரிங்.

"என் பென்சில் கோடு பாத்ரேக்குத் தெரியும். என் ஜெபப் புஸ்தகம் பூரா அதே கோடுதான்."

"அப்படியே இருக்கட்டும். நீ ஏறினா? அதுக்கு மன்னிப்பே கிடையாது. சாவி நிச்சயமாப் போயிடும். காகிதம் விழாமலே இருந்தாலும் இருக்கும்ல" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

மனாய் என் கையைத் தட்டிவிடவில்லை. மெல்ல விலக்கினாள். "செலி, அவ முதுகு தெரியுதுடி. இத்தன ஆம்பளைங்க முன்னாடி" என்றாள்.

போனாள். ஆண்கள் கூட்டத்துக்குள் ஒரு கிழவி நுழைவதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் வழிவிட்டார்கள், அறுபது வயதுக்காரியைத் தொட்டுத் தள்ள யாருக்கும் துணிவு வரவில்லை. பூரிங்கின் புருஷன் தினோ தெப்பத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். "மனாய், வேண்டாம், வேண்டாம்" என்று இரண்டு கைகளையும் விரித்தான். "கட்டித்தானே கெடக்கு. கட்டிக்கெடக்குற வரைக்கும் இது படித்துறைதான்" என்று சொல்லி அவன் தோளையே பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். இனாவின் பின்னால் போய் நின்றாள். ஒரு கை சட்டத்துக்குள், இன்னொரு கையில் குண்டூசி. ஒரு நிமிஷ வேலை. அந்த நிமிஷத்தில்தான் முன்னால் இருந்த துடுப்புப் படகுகள், இங்கே நடப்பது எதுவும் தெரியாமல், கயிற்றை இழுத்துவிட்டன.

கரைக்கட்டு அவிழ்ந்து தெப்பம் கரையை விட்டு நகர்ந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஊரே தண்ணீரைப் பார்த்தது, மூங்கில் விளிம்புக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை. பூரிங் என் தோளில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு புருஷன் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். தெல்மாகூட அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கதை என்று சொன்னவள்.

தெப்பத்தின் முன்பகுதியில் இருந்த பாத்ரே திரும்பினார். மனாயையும், அங்கிக்குள் மறைந்திருந்த அவள் கையையும் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தெப்பத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் பதில் சொன்னார்கள். தினோ கடைசியாகச் சொன்னான், கண் மட்டும் தண்ணீரிலேயே இருந்தது.

வளைவில் தெப்பம் திரும்பியது. இனாவின் முதுகு எங்கள் பக்கம் வந்தது. நீலத் துணி ஒழுங்காக மூடியிருந்தது. அதைச் சேர்த்துப் பிடித்தபடி நின்ற மனாய் இப்போதுதான் நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து இந்த ஊர்வலத்தைக் கரையிலிருந்தே பார்த்தவள். கைக்குட்டைகளோடு குதிகாலைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்க்கிற நாங்கள் எல்லாரும், படிகளில், மரக்கிளைகளில், கூரைகளில், அவளுக்கு எதிரில் வரிசையாக நின்றோம். நான் கையை அசைத்தேன். அவள் திருப்பி அசைக்கவில்லை, ஒரு கை துணியில் இருந்தது, மற்றதால் தெப்பத்தின் கம்பைப் பற்றியிருந்தாள். முதல்முறை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சிறுமியைப் போல எங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.