பூனை உடோன்

குரிஹாமா படகுத்துறையில் சீட்டு கொடுக்கும் பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் மொஹிராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ரயிலில் வரும்போதே அந்த ஒற்றை வாக்கியத்தை இந்த ஊர் மொழியில் வாய்க்குள் உருட்டி உருட்டிப் பழகியிருந்தாள். "கனயாவுக்குப் போய்வர ஒரு சீட்டு தாருங்கள்" என்பதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டாள். புகாராவிலிருந்து படிக்க வந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. வகுப்பில் எழுதுகிற கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் வெளியே ஒருவரும் அவளோடு ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்ததில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் மாறிவிடுவார்கள். தெரியாதவர்கள், அவள் கொஞ்சம் இழுத்தால் போதும், மிச்சத்தைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவள் தங்கியிருக்கிற வீட்டு அம்மா ஃபுமியேதான் இன்று அவளைத் துரத்திவிட்டவள். "எங்கயாவது போய்ச் சுத்திட்டு வா. அந்த போனை எடுத்து மொழிபெயர்த்தேன்னு தெரிஞ்சுது, சாயங்காலம் உனக்குச் சோறு கிடையாது" என்று மிரட்டி, மிரட்டிய கையோடு பையில் ஆரஞ்சுப் பழங்களையும் திணித்திருந்தாள்.

படகில் கூட்டமில்லை. மொஹிரா ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போலச் சுவரில் இருந்த எழுத்துகளை முணுமுணுவென்று படிக்கத் தொடங்கினாள். மிதவைச் சட்டை அணியும் முறை. "உயிர்... காப்பு... உயிர்காப்பு..." அடுத்த எழுத்தில் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், அதே இழுப்பில், "உயிர்... உயிர்... காப்..." என்றது.

திரும்பினாள். தேய்த்த சட்டையும் மடியில் தொப்பியுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் அடுத்த வரியைப் படித்தாள். அவரும் படித்தார், அவள் தடுக்கிய இடத்திலேயே தடுக்கினார். காது வரை சூடேறியது அவளுக்கு.

"தாங்கள் என்னைக் கேலி செய்கிறீர்களா?"

கோபத்தில் இலக்கணம் அழகாக வந்து விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். கையை உயர்த்தினார். "இல்... இல்..." என்றதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் பையை எடுத்து மேல்தளத்துக்குப் போய்விட்டாள். கரை வரும்வரை காற்றிலேயே நின்றாள்.

கனயாவில் இறங்கி, வாசல்களில் காய்கிற மீன்களையும் மலையை அறுத்தெடுத்த கல்லால் கட்டிய மதில்களையும் பார்த்துக்கொண்டு நடந்தாள். பேச யாரும் அகப்படவில்லை. பசித்தபோது துறைமுகத்தையொட்டி, உடோன் என்கிற தடித்த நூடுல்ஸ் விற்கும் கடைக்குள் நுழைந்தால், அங்கே அதே ஆள். வெளியேறிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கடைக்கார அம்மா அவள் முன் தேநீரை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உங்களுக்கு என்ன சார்?"

"பூனை."

"என்னது?"

"பூனை... உடோன்."

மூலையில் உட்கார்ந்திருந்த மீனவர்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். "அக்கா, பூனை இருக்கா? எனக்கும் ஒண்ணு போடு, வாலு மட்டும் வேணாம்!" என்றான் ஒருவன். அவரும் சிரிக்கப் பார்த்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு, "நாய்" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அதோ போர்டுல எல்லாம் எழுதியிருக்கு சார். விரலால காட்டுங்களேன், போதும்" என்றாள் கடைக்காரி, தணிந்த குரலில்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை இறுக மூடிக்கொண்டார். அப்போதுதான் மொஹிராவுக்கு உறைத்தது. படகில் அவர் கேலி செய்யவில்லை, அவரும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கேட்பது என்னவென்றும் தெரிந்துவிட்டது. பிராணியின் பெயர் வைத்த நரி உடோன். இனிப்பாக வேகவைத்த சோயாக்கட்டி மேலே போட்டு வருமே, பல்கலைக்கழக உணவகத்தில் பாதி நாள் அவளுக்கு அதுதான் மதியச் சாப்பாடு. நரி. ஒரே சொல். சொல்லிவிட்டால் கடை முழுக்க மூச்சு விடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் யாராவது தன் சொல்லைப் பிடுங்கிச் சொல்லும்போது, வாயில் வைத்த கவளத்தைத் தோண்டி எடுப்பதுபோல இருக்குமே, அது அவளுக்குத் தெரியும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே பானை பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. கடைக்காரி நகரவில்லை.

"தனுகி!" என்றார் அவர்.

"அப்பாடா, தனுகியா! இதோ ஆச்சு."

கடைவாசல்களில் தொந்தியும் தொப்பியுமாக மண்பொம்மையாய் நிற்குமே, அந்தப் பிராணி. அதன் பெயரிலும் ஓர் உடோன் இருந்தது. மொறுமொறுப்பான மாவுப்பொரி தூவிய கிண்ணம் முன்னால் வந்ததும் அவர் அதைப் பார்த்தார். பெருமூச்சுவிட்டார். பிறகு தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

மொஹிரா எழுந்து அருகே போனாள். "ஐயா, தாங்கள் கேட்க விரும்பியது நரிதானே?"

"நரி!" மேசையில் ஓங்கி அடித்தார். "நரி. நரி. நரி."

"ஐயோ, மாத்திக் கொடுக்கறேன் சார்!" கடைக்காரி ஓடிவந்தாள்.

அவர் கிண்ணத்தின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். "வேணாம். இது... நான்... சொன்னது."

சாப்பிட்டுக்கொண்டே தன்னைப் பற்றிச் சொன்னார். ஹிகுச்சி என்று பெயர். தலையைத் தொட்டுக் காட்டி, "ரத்தம்... இங்க. பேச்சு... போச்சு" என்றார். அதற்கப்புறம் தனியாக வெளியே வருவது இன்றுதான் முதல்முறை. ஒவ்வொரு சொல்லுக்கும் மொஹிரா காத்திருந்தாள். பிறகு அவள் படகில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்த வாக்கியத்தின் வினைச்சொல் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அது வரும்வரை காத்திருந்தார்.

அவருடைய போன் அடித்தது. மனைவி. ஊருக்கே கேட்கிற குரல். "சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க? நரிதானே?"

"தனுகி."

"நரி. நரின்னு சொல்லுங்க. ந... ரி."

"இல்ல. தனுகி."

"அவசரமில்லைங்க, மெதுவா யோசிங்க. நரி."

அவர் கண்ணை மூடித் திறந்து, போனை மொஹிராவிடம் நீட்டினார்.

"வணக்கம் அம்மா. நான் ஒரு வெளிநாட்டு மாணவி. ஐயா உண்மையாகவே தனுகிதான் உண்கிறார். என் கண்ணால் காண்கிறேன்."

மறுமுனையில் குரல் தணிந்தது. மிகவும் மெல்ல, "அப்போ அவர் சரியாத்தான் சொன்னாரா?" என்று கேட்டது.

"மிகச் சரியாக."

"இத்தனை நாளும்..." என்று தொடங்கிய குரல் முடிக்கவில்லை. மொஹிராவும் முடித்துவைக்கவில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றாள்.

திரும்பும் படகில் இருவரும் மேல்தளத்தில் நின்றார்கள். அவள் ஆரஞ்சை உரித்துப் பாதியைக் கொடுத்தாள். அவர் வாயருகே கொண்டுபோகும்போது, எங்கிருந்தோ சரிந்து வந்த ஒரு பெரிய பறவை அதைக் கையிலிருந்து பறிக்கப் பார்த்து, தவறி, சிறகை விரித்து மேலே போனது. "அம்மாடி!" என்று தன் மொழியிலேயே கத்திவிட்டாள் மொஹிரா.

"அந்தப் பறவையின் பெயர் என்ன?"

ஹிகுச்சி வாயைத் திறந்தார். யோசித்தார். அவள் மீதிச் சுளைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, தலையை அண்ணாந்து நின்றாள். படகின் புகைக்கு மேலே, சிறகை அசைக்காமல், அது வட்டமிட்டுக்கொண்டிருந்தது.