படிக்கல்லுக்கு அடியில் போன கலவை

மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே ஜுமகாதிருக்குத் தெரிந்துவிட்டது. நாரின் நகரத்துப் பிரசவமனை வாசலில், புதுப் படிகளுக்கு டைல் ஒட்ட வந்து தகரத்தின்மேல் அடுக்கிக் கிடந்த இருபது மூட்டைகளும் உள்அறைக்கான கலவை. குளியலறை, சமையலறை என்று படம் போட்டிருந்தது. பனிப்பூ படம் ஒன்றிலும் இல்லை. பனிப்பூ போட்டதுதான் வெளியே பதிக்கிற டைலுக்கு. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் குழாயிலேயே உறைந்துபோகும் ஊரில், இதைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

மேற்பார்வை பார்க்கும் தொலோன் காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"என்ன உஸ்தா, மூட்டைய இப்படிப் பாக்குறீங்க? பொண்ணு பாக்கவா வந்தீங்க?"

டைல் பதிப்பதில் பெயர் வாங்கியவர் என்பதால் ஊரே ஜுமகாதிரை உஸ்தா என்றுதான் கூப்பிடும்.

"இது வீட்டுக்குள்ள போடுறது தம்பி. படிக்கு ஆகாது. தண்ணி இறங்கி உறைஞ்சா கல்லைத் தூக்கிரும். பிளான்ல எழுதின சரக்கு எங்க?"

"வந்துச்சு. போயிருச்சு."

"எங்க?"

"கட்டட இன்ஸ்பெக்டர் வீட்டு முத்தத்துக்கு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் இது முடிஞ்ச வேலை. தெரியாத மாதிரி கேக்குறீங்களே."

தொலோன் குரலைத் தணித்தான்.

"சனிக்கிழமை ரிப்பன் வெட்ட வர்றாங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, வேற ஆளைப் பாத்துக்கிறேன். ஆனா ஸ்கூல்ல குளிர்காலத்துக்கு உள்வேலை இருக்கு பாருங்க, அதையும் அந்த ஆளுக்கே குடுத்துருவேன்."

நவம்பரிலிருந்து மார்ச்சு வரை நாரினில் வெளிவேலை கிடையாது. கூரைக்குள் வேலை கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் வசந்தம் வருவதற்குள் ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டுவான். ஜுமகாதிர் குனிந்து முதல் மூட்டையைக் கிழித்தார்.

கிழித்த பிறகாவது வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றுதான் நினைத்தார். வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் பொடியைக் கொட்டிக் கலக்கினார். பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்கினார். பல்வைத்த கரணையால் கலவையை ஒரே திசையில் கோடுகோடாக இழுத்தார். டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. பதித்ததும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதுகு முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு விரல் அகலம்கூட வெற்றிடம் இல்லை. அப்படித்தான் கீழிருந்து ஏழு படிகள் ஏறின.

பத்து மணிக்குப் பிரசவமனையின் துப்புரவுத் தொழிலாளி புருல், பால் தேநீரும் பொரித்த ரொட்டித் துண்டுகளும் கொண்டுவருவார். புருஷன் இல்லாதவர். பிள்ளைகள் ரஷ்யாவில்.

"ஏன் தம்பி, இன்னும் எத்தனை நாளு? என் ஆஸ்பத்திரிக்கு நானே பின்வாசல் வழியா வர்றேன், கோழி திருட வந்தவ மாதிரி."

"ரெண்டே நாளு அக்கா. இப்ப மிதிச்சா உங்க கால் அப்படியே பதிஞ்சிரும்."

"பதியட்டுமே. திறப்பு விழாவுல எங்க பேரையா வாசிக்கப் போறாங்க? காலாவது இருந்துட்டுப் போகட்டும்."

இருவரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மலைப்பக்கமிருந்து காற்று மாறிக் குளிர் ஏறியது. நான்கு படிகளும் மேல்தளமும் பாக்கி. தொலோன் மணிக்கொரு தரம் வந்து நின்றான்.

"கோடு இழுத்துட்டு உக்காந்தா எப்ப முடியும்? அஞ்சு உருண்டை வைங்க, அமுக்குங்க, அடுத்ததுக்குப் போங்க. மேல பாத்தா யாருக்குத் தெரியும்?"

நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. ரொட்டி மாவை உருட்டி வைப்பதுபோல வைத்து அமுக்குவது. உருண்டைகளுக்கு நடுவே உள்ளே எல்லாம் பொந்து. விரல்மடக்கித் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஜுமகாதிர் அன்றைக்குத் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினால் கேட்குமே என்றுதான் தட்டவில்லை.

மாலையில் தொலோன் ஒரு தாளைக் காரின்மேல் விரித்தான். பார்வைக்கு வராமல் மூடப்படும் வேலைகளுக்கான சான்று. பனி தாங்கும் கலவை, முழுப்பரப்பிலும் பூசப்பட்டது என்று அதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் போன வாரமே கையெழுத்துப் போட்டிருந்தார். படிகள் பாதி முடிவதற்கு முன்பே. ஜுமகாதிர் அந்தக் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

சனிக்கிழமை ரிப்பன் வெட்டினார்கள். படிகள் பளபளவென்று இருந்தன.

ஜனவரியில் ஒரு காலை, பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் காரில் கொண்டுவந்தார்கள். அவளைப் பிடித்துக்கொள்ள புருல் ஓடி இறங்கினார். கைத்தாங்கலாக மேலே ஏற்றிவரும்போது ஒன்பதாம் படியில் ஒரு டைல் முழுசாகக் கழன்று புருலின் காலோடு வந்தது. விழும்போது அந்தப் பெண்ணை மேலே தள்ளிவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் சுகமாகப் பிள்ளை பிறந்தது. புருலுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். படியில் உறைந்த பனியைக் கரைக்க புருல் தினமும் சுடுதண்ணீர் ஊற்றுவார் என்பது தெரியவந்தது. ஊரில் எல்லா வாசலிலும் ஊற்றுகிறார்கள்தான். இருந்தாலும் அது எழுதுவதற்கு வசதியான காரணமாக இருந்தது. சுடுதண்ணீரால் படியைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி வேலைநீக்கம் செய்தார்கள். விபத்து அவர் தவறு என்பதால் வைத்தியத்துக்கும் உதவி இல்லை என்றார்கள்.

ஜுமகாதிரையும் அழைத்திருந்தார்கள். கழன்ற டைல் மேசைமேல் இருந்தது. அதன் முதுகு கடையில் வாங்கியதுபோலச் சுத்தமாக இருந்தது, ஐந்து வட்டங்களைத் தவிர.

"என்ன கலவை போட்டீங்க?"

"சான்றுல இருக்கறதுதான்."

சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிப் போனார். உள்ளே கதகதப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டுக்கறிச் சாறு எடுத்துக்கொண்டு புருலைப் பார்க்கப் போனார். அடுப்போரம் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தவர், இவரைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார்.

"உன் முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு தம்பி. நீ அவ்வளவு பாடுபட்டுப் போட்ட படி. நான் சுடுதண்ணிய ஊத்திக் கெடுத்துட்டேன். உன் பேரு கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கோ."

ஜுமகாதிருக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூட்டை, இன்ஸ்பெக்டரின் முற்றம், ஐந்து உருண்டை, கையெழுத்து, மேசைமுன் சொன்ன பொய்.

"நல்ல கலவை போட்டு முழுசாப் பூசியிருந்தா, கொதிக்கக் கொதிக்க ஊத்தினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது அக்கா. நீங்க கெடுக்கல."

புருல் முகத்தை மூடியிருந்த கையை எடுத்தார்.

"கல்லுக்கு அடியில நீ என்ன வச்சேன்னு எனக்கு எப்படிடா தெரியும்? உன்னை நம்பித்தானே கால வச்சேன்."

மறுநாள் காலை ஜுமகாதிர் விசாரணைக்காரர்களிடம் போய் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். தொலோன் போனில் திட்டினான். பள்ளிக்கூட வேலை அன்றே போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் அவரும் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டினார்.

மார்ச்சு கடைசியில் புருலின் வேலைநீக்கம் ரத்தானது. வைத்தியத்துக்கும் உதவி வந்தது. இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவ்வளவுதான். உத்தரவை ஜுமகாதிரே கொண்டுபோய்க் கொடுத்தார். புருல் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாளை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார்.

"மறுபடி வேலைக்கு வரலாம்னு போட்டிருக்கான். படி ஏற முடியாதுன்னு டாக்டர் எழுதியிருக்கான். எதைக் கேக்குறது?"

"நான்தான் சொல்லிட்டேனே அக்கா..."

"சொன்னே. நல்லதுதான் செஞ்சே, இல்லேங்கல." தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிரணும் தம்பி. அன்னிக்குச் சொல்லியிருந்தா எனக்கு இடுப்பு இருந்திருக்கும். பின்னாடி சொல்றது பேப்பரைத்தான் சரிபண்ணும்."