இரும்பை இரும்பு தொடாத இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு இயந்திரம் என்றால் மிக்சி வரைக்கும்தான் தெரியும். பொன்முடிப் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், ஓடும் இயந்திரத்தில் சுழலும் தண்டு, அதைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லையாம். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன்மேல் டன் கணக்கில் இரும்பு மிதக்கிறதாம். வாய் பிளந்தவன் நான், இன்னும் மூடவில்லை.

2

‘பொன்முடியில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு…’

(வேண்டாம். எண்ணெய்க் கதையில் பனிக்கு என்ன வேலை? வேலை உண்டு, பிறகு வரும்.)

பிரேமா திருவனந்தபுரத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர். பொன்முடித் தேயிலை ஆலைக்குக் குளிர் தாங்கும் மெல்லிய எண்ணெயை அவள்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். கெட்டியான பழைய எண்ணெய் விடியற்காலையில் இறங்க மறுத்து, பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. புது எண்ணெய் விட்ட அன்று தண்டு சத்தமில்லாமல் சுழன்றதைப் பார்த்து, பத்து வருட அனுபவக்காரி கோயிலில் நிற்பதுபோல் நின்றாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அதே பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டு தண்டு நின்றுபோனது. மேனேஜர் போனில் குதித்தார். சாயங்காலத்துக்குள் பிரேமா காரணம் எழுதி அனுப்பவேண்டும்; எண்ணெய்தான் குற்றவாளி என்றால் பிரேமாவின் வேலை போய்விடும்.

3

(ஆலையின் ஃபிட்டர் செல்வமணியை முதலில் குடிகாரனாக எழுதினேன். வசதியாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன்.)

செல்வமணி குடிக்கமாட்டான். மலையேறி ஆலைக்கு வந்த பிரேமாவை ஓரமாக அழைத்துப்போய், அவனே சொன்னான்.

“வருசா வருசம் பூசைக்கு ஒரு சொட்டு தேங்காண்ணெ விடுவோம் மேடம். இந்தத் தடவ ஒங்க எண்ணெ புதுசுல்லா, நல்லா ஓடணும்னு பழவங்காடி கணபதி கோயில்ல தேங்காண்ணெய வச்சு வாங்கியாந்து, பேரிங்கு மேல இருக்க எண்ணெக் கிண்ணத்த காலியாக்கி அத நெறைய விட்டுட்டேன்.”

“எனக்காகவா?”

“பின்ன? மேனேஜர் சார் அறிஞ்சா வேலையோட, ஆலை குடுத்த லயத்து வீடும் போயிரும். மூணு பிள்ளைய இருக்கு மேடம்.”

நகரத்து வெக்கையில் தண்ணீராய் ஓடும் தேங்காயெண்ணெய், மலைக்குளிரில் உறைந்துபோகும். ஒரு சொட்டுக்கு ஒன்றுமில்லை. கிண்ணம் முழுக்க என்றால்? பிரேமாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை இரும்பின் உயிர், உருகுவதற்கும் உறைவதற்கும் நடுவில் இருக்கிறதே என்று.

4

திரும்பும் வழியில், மலையடிவாரக் கல்லாற்றுக் கடையில், கிண்ணத்திலிருந்து எடுத்து, வழியில் உருகிவிட்ட எண்ணெயின் சின்னப் பாட்டிலை நீட்டினாள். “இத கொஞ்சம் ஃபிரிட்ஜுல வையுங்க.”

“எந்தா சேச்சி, மருந்தா?” என்று சிரித்த கடைக்காரி ஷாலு, சோடாக்களுக்கு நடுவில் வைத்தாள். இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் பாட்டில் முழுக்க வெள்ளை. அவள் கொடுத்த எண்ணெய் இப்படி உறையாது; இனி வேறு சாட்சி வேண்டாம்.

5

முடிவு ஒன்று: ‘காரணம்: தேங்காயெண்ணெய்’ என்று எழுதுகிறாள். செல்வமணி லயத்தைக் காலி செய்கிறான்.

முடிவு இரண்டு: ‘காரணம்: எண்ணெய்த் தேர்வில் பிழை’ என்று எழுதுகிறாள். அவள் வேலை போகிறது. ஆலைக்குப் பழைய கெட்டி எண்ணெய் திரும்பி வருகிறது, அடுத்த குளிரில் இன்னொரு பேரிங் சாகிறது.

முடிவு மூன்று: மேனேஜர் மனம் இளகி… (அவரை எனக்குத் தெரியும். இளகமாட்டார்.)

நான்காவது எனக்கு வரவில்லை. பிரேமா கல்லாற்றில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தாள், ‘காரணம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாக இருக்கிறது. இடது கையில் பாட்டிலை இறுகப் பிடித்திருக்கிறாள். உள்ளங்கைச் சூட்டில் ஓரத்து வெள்ளை கரையத் தொடங்கிவிட்டது.

அது முழுதும் தெளிவதற்குள் நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன எழுதட்டும்?