ஆய்வு நாள் காய்ச்சல்

கல்வித்தரத்தை மதிப்பிட மேலிடத்திலிருந்து ஆள் வரும் நாளில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிட வேண்டும். மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தை ஒட்டியிருந்த அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் இப்படியொரு விதியை யாரும் எழுதிவைத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. முதல் நாள் மாலை ஆசிரியர் ஒரு பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்து, "ஒடம்பு சுடுதே, நாளைக்கு வீட்லயே இரு" என்றால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஏன் இத்தனை பேர் வரவில்லை என்று வருகிற அதிகாரியும் கேட்கமாட்டார். கேட்காமலிருப்பதுதான் அந்த விதியில் அவருடைய பங்கு.

2006ஆம் ஆண்டு அந்த விதிக்குத் தோதாக அமைந்தது. சிக்குன்குனியா வீட்டுக்கு வீடு ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்ததால், காய்ச்சல் என்றால் எவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

நான்காம் வகுப்பு ஆசிரியை நிர்மலாதேவி லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருபவள். பிள்ளைகள் வகுப்பு ஏற ஏற அவளும் அவர்களோடு ஏறி வந்தவள். சோம்பேறி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறளக் கற்பித்தாள். பின்வரிசையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அப்படித் தள்ளிப்போட்டதில், இரண்டாம் வகுப்பிலிருந்து அவளிடம் படித்த லினெட், எழுத்துக்கூட்டவும் வராமல் நான்காம் வகுப்புக்கு வந்து சேர்ந்துவிட்டாள். லினெட்டின் தாய் ஆரோக்கியம் மீன் விற்பவள். வழியில் மறித்து, "எம்பொண்ணு எப்பிடி டீச்சர் படிக்கிறா?" என்று கேட்பாள். "நல்லாப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டு நிர்மலாதேவி வண்டியை முடுக்குவாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, மகள் நர்ஸாகப் போவதாக ஆரோக்கியம் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஆய்வுக்கு முதல் நாள் லினெட்டின் நெற்றியில் நிர்மலாதேவி புறங்கையை வைத்தபோது, மகளை அழைத்துப்போக வந்த ஆரோக்கியம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லாம் சீராகவே நடந்தது. மதிப்பீட்டுக்கு வந்த வெற்றிச்செல்வன் நீட்டிய அட்டைகளை, வந்திருந்த பிள்ளைகள் தடங்கலின்றி வாசித்தார்கள். தலைமையாசிரியர் கலியமூர்த்தி நிர்மலாதேவியின் பக்கம் சாய்ந்து, "ஏ கிரேடு நிச்சயம்மா. அதைக் காட்டி மாடிக் கட்டடம் கேட்டுடலாம்" என்று முணுமுணுத்தார். அப்போதுதான் ஆரோக்கியம் மகளின் கையைப் பிடித்தபடி வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"மன்னிச்சிக்க டீச்சர். பெரியாஸ்பத்திரிக்கிப் போயிட்டு வரோம். ஜுரமே இல்லன்னு சொல்லிட்டாரு அந்த டாக்டரு. எங்க டீச்சரே தொட்டுப் பாத்துச் சொன்னாங்க, அவங்களுக்குத் தெரியாதது ஒனக்கு இன்னாய்யா தெரியும்னு கேட்டுட்டேன். ரத்தம் எடுத்துப் பாத்தாதான் போவேன்னு அங்கயே குந்திக்கினேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வெற்றிச்செல்வனும் சிரித்தார். "அப்புறம்?"

"எடுத்துப் பாத்தாங்க சார். ஒண்ணுமே இல்லியாம். இன்னிக்கி ஏவாரம் போனாப் போவுது, பரீட்சயாவது எழுதட்டும்னு இட்டாந்தேன். நல்லாப் படிப்பா சார். டீச்சரே சொல்லியிருக்காங்க."

நிர்மலாதேவி காய்ச்சல் என்று எத்தனையோ பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாள். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் பிழைப்பைவிட்டு, தன் பொருட்டு ஒரு மருத்துவரோடு மல்லுக்கு நின்றவளை இப்போதுதான் காண்கிறாள். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசிக் கரும்பலகையைப் பார்த்தாள்.

கலியமூர்த்தி முந்திக்கொண்டார். "ரத்தம் எடுத்த புள்ளம்மா, மயக்கம் வரும். வீட்டுக்கு அழைச்சிட்டுப் போ."

வெற்றிச்செல்வன் ஒரு கணம் நிர்மலாதேவியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "ஆமாம்மா, ரெஸ்ட் எடுக்கட்டும். பதிவேட்டுல வரலைன்னே இருந்துட்டுப் போவுது."

தப்பிக்க வழி திறந்துவிட்டது. நிர்மலாதேவி ஒன்றும் பேசாமலிருந்தால் போதும். ஆனால் ஆரோக்கியம் நகர்வதாயில்லை.

"பத்து நிமிசம் சார். ஒரு பக்கம் படிச்சிக் காட்டிட்டுப் போவட்டும். நானும் கேட்டதே இல்ல."

லினெட் தாயின் புடவையை இழுத்தாள். "தல வலிக்குதும்மா. போலாம்."

"காலைலேருந்து ஒண்ணுமில்லன்னியேடி?"

"இப்ப வலிக்குது. டீச்சர் சொன்ன மாதிரி ஜுரம்தாம்மா." சொல்லும்போது அவள் தாயைப் பார்க்கவில்லை. நிர்மலாதேவியைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. சரியாகச் சொன்னேனா என்ற கேள்வி மட்டும் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் தன்னிடமிருந்து அவள் பிழையின்றிக் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான் என்று தோன்றியதும், நிர்மலாதேவிக்கு அவமானமாக இருந்தது.

"ஆரோக்கியம், கொஞ்சம் நில்லு."

"நிர்மலா, அவங்க போகட்டும்" என்றார் கலியமூர்த்தி, குரலைத் தாழ்த்தி.

"இல்ல சார்." அவள் ஆரோக்கியத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். "டாக்டர் சொன்னதுதான் சரி. லினெட்டுக்கு நேத்தும் ஜுரம் இல்ல, இன்னிக்கும் இல்ல. அவளுக்குப் படிக்க வராது. மூணு வருசமா எங்கிட்ட இருக்கா, நான் சொல்லிக்குடுக்கல. ஒங்கிட்ட நல்லாப் படிக்கிறான்னு பொய் சொன்னேன். சார் பாத்துடக் கூடாதுன்னுதான் இன்னிக்கி வர வேணாம்னேன்."

ஆரோக்கியம் மகளின் கையை விடாமல் நின்றாள்.

நிர்மலாதேவி வெற்றிச்செல்வனின் பக்கம் திரும்பினாள். "பேனாவத் தெறங்க சார். இன்னும் அஞ்சு புள்ளைங்க வீட்ல இருக்காங்க. அவங்களுக்கும் ஜுரம் இல்ல."