இரவல் தெருவில் கூடுதல் ஆள்

தாழையூரில் தெருக்களை இரவல் கொடுப்பார்கள். ஏதாவது ஓர் ஊரில் தச்சர் தெரு இல்லையென்றால் அந்த ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து கேட்பார்கள். தாழையூர் தன் தச்சர் தெருவைக் கிளப்பி அனுப்பிவைக்கும். வேலை முடிந்ததும் பெருக்கித் தெளித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது மரபு. கொல்லர் தெரு ஒருமுறை திரும்பி வந்தபோது ஒரு கிணறு குறைந்திருந்தது. அந்த மனத்தாங்கல் இன்றுவரை தீரவில்லை.

அந்த வருடம் கரிசல்பட்டிக்காரர்கள் வந்து மீன்காரத் தெருவைக் கேட்டார்கள். பாவம், அவர்கள் ஊரில் மீன் என்றால் கருவாடுதான். தாழையூர் சரியென்றது.

இரவல் போகும் தெரு, தன் சொற்களைப் பற்றி இங்கே ஊரோடு இருக்கும்போது என்னென்ன தெரியுமோ, அத்தனையும் அங்கே தனியாக இருக்கும்போதும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வலை, சாளை மீன், வாடைக்காற்று என்று அந்தத் தெருவுக்கு உரிய சொற்கள் ஒன்றிலும் குறை வரக் கூடாது. அதற்கு எது எது வேண்டுமோ எல்லாம் கூடவே போகும். கடலில் ஒரு பங்கு, மாதா கோயில், பூனைகள் எல்லாம் போவதாக முடிவாகிவிட்டது. ஆனால் வேண்டாத ஒரு துடைப்பம் ஏறினாலும் தெரு இருந்த இடத்தைவிட்டு அசையாது. எது தேவை, எது கூடுதல் என்று பார்த்துச் சொல்பவர் பிரிப்பதிகாரி ஞானதிரவியம். அவருக்குச் சொந்தமாகத் தெரு கிடையாது, வீடு ஊர் எல்லையில் தனியாக இருந்தது. எந்தத் தெருவில் நிற்கிறாரோ அந்தத் தெருவின் சொற்கள் அவருக்கு வந்துவிடும்.

அவருக்குச் சந்தேகம் இருந்தது செங்கமலத்தின் மேல் மட்டும்தான்.

செங்கமலம் நெசவுக்காரத் தெருவில் பிறந்தவள். மீன்காரத் தெருக் கஸ்பாரைக் கட்டிக்கொண்டு, நடுவில் இருக்கும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தவள். தாழையூரில் கல்யாணமானால் வீடு மாறும், சொல் மாறாது. ஒரு தெருவின் தனிச்சொல் மற்றத் தெருக்காரர் காதில் இருமலாக விழும். கல்யாணமான புதிதில் செங்கமலம் தறியைப் பற்றியும் பாவு நூலைப் பற்றியும் ஆசை ஆசையாகப் பேசப் பேச, கஸ்பார் கலங்கிப்போய் வேளாவேளைக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தான். அவளும் மறுக்காமல் குடித்தாள். கஷாயம் குடிக்கக் கசந்தாலும், அதை ஆற்றிக் கொடுக்கும் கை அவளுக்குப் பிடித்திருந்தது.

'இல்லை', 'எல்லாம்', 'ஏதோ ஒன்று', 'போ', 'வா' போன்றவை யாருக்கும் சொந்தமில்லாத சொற்கள். உடம்பின் உறுப்புகளும் அப்படியே. அவற்றோடு இரண்டு தெருவுக்கும் பொதுவாக நூல், முடிச்சு, உப்பு, மழை, தூக்கம் என்று கொஞ்சம் சொற்கள் இருந்தன. ஒரு சின்னக் கூடையில் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டுதான் இருவரும் குடும்பம் நடத்தினார்கள். சண்டைகூட அந்தக் கூடைக்குள்ளேதான்.

சொல் குறைவாக இருந்தாலும் விஷயம் நிற்காது. ஒரு தெருவின் உண்மையிலிருந்து இன்னொரு தெருவின் உண்மை பிறக்குமானால், இரண்டுக்கும் பொதுவான சொற்களால் மட்டுமே ஆன ஒரு வாக்கியம் நடுவில் கட்டாயம் இருக்கும். இதைத் தாழையூரில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லிவிடுவார்கள்.

ஞானதிரவியம் செங்கமலத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, மீன்காரத் தெருவை மட்டும் தனியாக விசாரித்தார்.

"மழைக்கு முன்னால உப்பு என்ன செய்யும்?"

"கசியும். உடனே கருவாட்டை உள்ள எடுத்துரணும்" என்றான் முதல் வீட்டு இன்னாசி.

"நனைஞ்ச நூலு?"

"முடிச்சு இறுகும். நனைச்சுக் கட்டுன வலை நழுவாது" என்றார்கள் நாலைந்து பேர்.

உப்பும் நூலும் செங்கமலம் கொண்டுவந்த விஷயங்கள்தான். ஆனால் அவள் ஒன்று சொன்னால் போதும், கஸ்பார் அதைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு அலைவான். "எங்க செங்கமலம் சொன்னா, தெரியும்லா?" என்று கேட்காத வீடு இல்லை. இப்போது அவள் இல்லாமலே தெருவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவன் வருடக்கணக்கில் சந்தோஷமாகச் செய்து முடித்திருந்தான்.

ஞானதிரவியம் குடையை மடக்கினார். "கஸ்பாரு, வருத்தமாத்தான் இருக்கு. இவங்க இல்லாட்டியும் தெருவுக்கு ஒண்ணும் குறையல. இவங்க கூடுதல். நெசவுக்காரத் தெருவுலயே இருக்கட்டும்."

"நான் மட்டும் போகவா?"

"நீங்க இல்லாமத் தெரு போகாது. தெருவுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இவங்ககிட்ட இருந்து மட்டும் வருதுன்னா சொல்லுங்க, ஏத்திக்கிடலாம். நாளைக்கிக் காலையில கிளம்புது."

வீட்டுக்கு வந்ததும் கஸ்பார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய மீசை வைத்த ஆள் அழுவதைப் பார்க்கச் செங்கமலத்துக்குத் தாங்கவில்லை.

"நெனச்சுப் பாரு. எனக்குச் சொல்லாதது ஏதாவது ஒண்ணு இருக்கும்லா?"

"இல்லைங்க."

"ஒண்ணே ஒண்ணு?"

"இல்ல."

ஒன்று இருந்தது. அதை அவனிடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். சொன்னால் அவன் விடிவதற்குள் தெருவுக்குச் சொல்லிவிடுவான், அவள் மறுபடியும் கூடுதலாகிவிடுவாள். அது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. சொல்லிவிட்டால் அந்த விஷயமே நின்றுபோகும். கஸ்பார் ரோஷக்காரன்.

மறுநாள் காலையில் தெருவைக் கிளப்பும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பங்கு பிரித்த கடல் ஓரமாகக் காத்திருந்தது. செங்கமலம் நேரே பாலத்துக்குப் போனாள். ஞானதிரவியம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பாலத்தின் மேல் நிற்பவர்களுக்குப் பொதுச்சொற்கள் மட்டும்தான் நடக்கும்.

அவளுக்குத் தெரிந்தது இதுதான். கஸ்பார் விடியவிடியக் கடலில் கிடந்துவிட்டு வந்து மதியம் தூங்குவான், அவள் முந்தானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. தூங்கத் தூங்க அவன் விரல்கள் முந்தானைக் குஞ்சங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். ஒன்று பாக்கி விடாது. அவிழ்த்து முடித்ததும் அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வரும். அவன் எழுவதற்குள் செங்கமலம் எல்லாவற்றையும் திரும்ப முடிச்சுப் போட்டுவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது.

அவள் அதிலிருந்து முந்தானையை எடுத்தாள். குஞ்சத்தை எடுத்தாள். பொதுவில் இல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை அதிகாரியின் வலது காதில் சொன்னாள்.

"தூக்கத்துல அவரு கை எல்லா முடிச்சையும் அவுத்துரும்."

ஞானதிரவியம் தலையாட்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தோடு மீன்காரத் தெருவுக்குள் நடந்தார். மூன்றாம் வீட்டைத் தாண்டுவதற்குள் அது தெருவின் சொற்களில் தானாகவே விளைந்துவிட்டது. தன் வலையிலிருந்து ஒரு சாளைக்குஞ்சுகூடத் தப்பாது என்று மார்தட்டும் கஸ்பார், தினமும் மதியம் தூக்கத்தில் வலையை அவிழ்த்து அத்தனை மீனையும் கடலுக்கே அனுப்பிவைக்கிறான். தெருவில் யாருக்கும் இது தெரியாது. ஞானதிரவியம் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்ற கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் கும்பிட்டான். அவர் பாலத்துக்குத் திரும்பினார்.

"சரிதாம்மா. தெருவுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம். நீங்க போகலாம்."

செங்கமலம் தெருப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சே. ரெண்டு பேருல ஒருத்தர் போனாப் போதும். அதிகாரி இருந்தா அதிகாரிதான் போகணும்னு சட்டம் இருக்கு."

தெருவைத் தூக்க அடியில் கம்பு கொடுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு வீட்டுல ஆளு காத்திருக்கும்மா" என்றார் ஞானதிரவியம். பிறகு வலது காதைக் கழற்றி, கைக்குட்டையில் பொதிந்து அவளிடம் கொடுத்தார். "இது உங்க காதுத் தோட்டோட இருக்கட்டும். வாய் இல்லாததுனால இது கூடுதல்ல சேராது. இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் செங்கமலம். காதை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படி ஏறினாள். தெரு உடனே அசைந்தது. கஸ்பார் அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் இஞ்சி தட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அப்படி என்னதான் சொன்ன?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

அவள் தனக்குத் தெரிந்த நெசவுச் சொற்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். கஷாயத்தில் இன்னும் கொஞ்சம் மிளகு சேர்ந்தது.

கரிசல்பட்டியில் தெருவைப் பருத்திக் காட்டுக்கு அருகே இறக்கினார்கள். கடலுக்கு இடம் போதாமல் பிள்ளையார் கோயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டது. முதல் நாளே வலையில் நல்ல மீன்பாடு. கஸ்பார் மதியம் சாப்பிட்டுவிட்டு, அவள் முந்தானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். சிறிது நேரத்தில் அவன் விரல்கள் வேலையை ஆரம்பித்தன.

செங்கமலம் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, காதை அவன் தலைமாட்டில் வைத்தாள். அது கேட்க வசதியாகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டது. அதன் மேல் ஈ உட்காராமல் ஒரு கையால் விசிறிக்கொண்டே, அவன் கடைசிக் குஞ்சத்தையும் அவிழ்த்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.